நண்பகலில் பின்னோக்கி ஓடிய நீர்

பங்குனி 18, திங்கள்

மேலாளர் சந்தானகோபாலனுக்கு இன்று காலை ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை. இருபது ஆண்டுகளாக நீர்மானி விற்கிறார். மானிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குழாயின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு ஒலிமாற்றிகள். ஒன்று கூவும், மற்றது கேட்கும். பிறகு மற்றது கூவும், முன்னது கேட்கும். காதுக்கு எட்டாத மீயொலி அது. நீரோடு போகும் ஒலி முந்திச் சேரும். நீரை எதிர்த்துப் போகும் ஒலி பிந்திச் சேரும். முந்தியதற்கும் பிந்தியதற்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு நீரின் விரைவைக் கணக்கிடுகிறோம். அந்த இடைவெளி, ஒரு நொடியைப் பத்துக் கோடித் துணுக்குகளாக நொறுக்கினால் அவற்றுள் சில.

ஒலியைப் பிறப்பிக்கும் பீங்கான் வில்லையோ கடினம், நீரோ மென்மை. இடையில் தக்கதொரு படலம் இல்லையெனில் ஒலியின் பெரும்பகுதி நீருக்குள் புகாமலே திரும்பிவிடும். இதுவரை நாங்கள் பூசி வந்த படலம் வெறும் பிசின். நான் ஓராண்டு உழைத்து உருவாக்கியிருப்பது, மாவினும் நுண்ணிய உள்ளீடற்ற கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் கலந்து, காற்றை உறிஞ்சி, இருமுறை உலையிலிட்டு இறுக்கிய படலம். இதை விளக்கி முடித்ததும் மேலாளர் திருவாய் மலர்ந்தார்.

“பழைய கோட்டிங்கே நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு பொழிலன்? ரெண்டு பர்சன்ட் முன்னப் பின்ன இருந்தா யாரு கேக்கப் போறா?”

யார் கேட்பார்கள்! இந்நாட்டில் பிழைகள் நெடுநாள் வாழ்வது இந்த ஒரு கேள்வியின் நிழலில்தான்.

பங்குனி 25, திங்கள்

பதினேழாம் ஒலிமாற்றி இணை தேர்வில் வென்றது. இருபது பாகை வெப்பத்தில், நாற்பதில், ஐம்பத்தைந்தில் என எங்கே வைத்துச் சோதித்தாலும் இரண்டும் ஒரே குரலில் பேசுகின்றன. என் வாழ்நாளில் இத்தகைய இணையைக் கண்டதில்லை.

ஆய்வகத்தில் இணை சேர்க்கும் வேலை பூங்காவனம் அம்மையாருடையது. பதினெட்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். பட்டம் ஏதும் இல்லை. ஒரே கலவையில் வார்த்து, ஒரே உலையில் வெந்து, மூன்று வெப்பநிலைகளிலும் ஒத்துப்போகும் இரண்டைத் தெரிந்தெடுத்து, அ என்றும் ஆ என்றும் எண்ணிட்டு, சிவப்பு நூலால் சேர்த்துக் கட்டிப் பெட்டியில் வைப்பார். இன்று நான் பதினேழைக் கையில் எடுத்தபோது, “நூல அவுத்துடாதீங்கய்யா. புருசன் பொண்டாட்டிய பிரிச்ச பாவம் வரும்” என்றார்.

“அம்மையாரே, இது அறிவியல். திருமண மண்டபம் அன்று.”

“மண்டபத்துலயாச்சும் சாப்பாடு போட்டு அனுப்புவாங்க” என்று சொல்லிவிட்டு உலையைத் துடைக்கப் போய்விட்டார்.

உலைக்குள் சிந்திய பிசினைச் சுரண்டுவதற்கே அரைநாள் போனது.

பங்குனி 30, சனி

கண்காட்சியில் உரை. முந்நூறு பொறியாளர்கள், முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். தமிழில் தொழில்நுட்பம் பேசுகிறவனை இவர்கள் கரகாட்டம் பார்க்கிறவர்களைப்போல் பார்ப்பார்கள். நான் விடவில்லை. ஒலிமாற்றியை உயர்த்திப் பிடித்து, “இந்தக் கையடக்கப் பொருளுக்கு நாம் இன்னும் எத்தனை நாள் அயலான் கதவைத் தட்டுவது?” என்று கேட்டேன். கைப்பேசிகள் தாழ்ந்தன. கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

உணர்ச்சிப் பெருக்கில் ஒலிமாற்றி கைநழுவி மேடையில் விழுந்தது. பொருட்படுத்தத் தக்கதன்று.

சித்திரை 2, செவ்வாய்

நெருஞ்சிப்பட்டிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கான மானி இன்று அனுப்பப்பட்டது. பூங்காவனம் அம்மையார் புத்தாண்டையொட்டி மூன்று நாள் விடுப்பு. அக்காள் பேத்திக்குக் காது குத்துகிறார்களாம். ஒரு நாடு நீரின்றித் தவிக்கும்போது காது குத்துகிறார்கள். எனவே நானே இணைத்து, நானே ஆய்வகத் தொட்டியில் இட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து பாகையில் பிழையே இல்லை. பதினேழில் ஒன்றும் இருபத்திரண்டில் ஒன்றும் வைத்தேன். இரண்டும் என் கலவை, இரண்டும் என் உலை. பிறப்பால் உயர்வு தாழ்வு பார்ப்பதை மாந்தரிடமே எதிர்ப்பவன் நான்.

சித்திரை 12, வெள்ளி

நெருஞ்சிப்பட்டி. பாறைமேட்டில் மேல்நிலைத் தொட்டி. அதற்கு நீர் கொண்டுவரும் இரும்புக் குழாய் நானூறு அடி தூரம் வெட்டவெளியில் கிடக்கிறது. ஒரு மரம் இல்லை. எட்டுக் கல் தொலைவில் உள்ள நீரேற்று நிலையத்தில் ஏற்கெனவே ஒரு மானி உண்டு, எங்களுடையது தொட்டியருகே. அங்கே அனுப்பியதும் இங்கே வந்ததும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் வழியில் எவனோ கை வைக்கிறான் என்று பொருள்.

தொட்டியையும் வழியிலுள்ள வால்வுகளையும் பார்த்துக்கொள்பவர் காத்தவராயன். ஐம்பது அகவை இருக்கும். மானியைப் பொருத்தும்வரை குந்தியபடி வேடிக்கை பார்த்தார்.

“இதுக்குள்ள சக்கரம் ஒண்ணும் சுத்தாதுங்களா சார்?”

“ஒலி செல்லும். ஒலியே அளக்கும்.”

“சத்தமே கேக்கலியே.”

“உமக்குக் கேட்காது.”

“நம்மகிட்டயும் ஒரு மீட்டரு இருக்குங்க” என்று தொட்டிச் சுவரைக் காட்டினார். உள்ளே ஒரு மிதவை. அதில் கட்டிய கயிறு மேலே கப்பியில் ஏறி வெளியே தொங்குகிறது. கயிற்று நுனியில் ஒரு தகரத்துண்டு. சுவரில் பெயிண்டில் எழுதிய எண்கள். நீர் ஏற ஏறத் தகரம் இறங்குமாம். ஒரு பள்ளிக்கூட நோட்டில் நாள்தோறும் குறித்து வைக்கிறாராம். மீயொலிக் காலத்தில் கயிறும் தகரமும்! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இல்லை, அடக்கவில்லை.

சித்திரை 26, வெள்ளி

என் மானி திருடனைப் பிடித்துவிட்டது.

பதினான்கு நாள் பதிவுகள் வந்தன. காலையில் ஏற்று நிலையம் அனுப்பியது முழுதும் இங்கே வந்து சேர்கிறது. பகல் பதினொன்று தொடங்கி மூன்றுவரை நூற்றுக்கு ஆறு பங்கு குறைகிறது. நாள் தவறாமல், அதே வேளையில். வெயிலுக்கு ஊரே வீட்டுக்குள் அடங்கும் நேரம். ஒரு தண்ணீர் லாரி வந்து வால்வடியில் நின்றாலும் கேட்பாரில்லை. வால்வுகளின் சாவி எவரிடம் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலாளர் துள்ளிக் குதித்தார். “இதவிட விளம்பரம் வேணுமா? திருடனப் புடிச்ச மீட்டர்! நீங்களே அந்த ஊர்ல ஒரு மீட்டிங் பேசிடுங்களேன்.” முதன்முறையாக அவர் ஒரு நல்ல கருத்தைச் சொன்னார்.

வைகாசி 4, ஞாயிறு

பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். ஊரே திரண்டிருந்தது; கோடையில் நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பெறுகிற ஊர் திரளாமல் என்ன செய்யும்? ஒலிபெருக்கி கரகரத்தது. நான் கரகரக்கவில்லை.

“குழாய் உடைந்து ஒழுகினால் அடைக்கலாம். நேர்மை உடைந்து ஒழுகினால் எதைக் கொண்டு அடைப்பீர்கள்? உச்சி வெயிலில் நீங்கள் உறங்குகிறீர்கள். உங்கள் தண்ணீர் உறங்கவில்லை. உங்கள் குடத்துக்கு வரவேண்டியது எந்த வண்டியில் ஏறிப் போகிறது? கேளுங்கள்! சாவி வைத்திருப்பவனைக் கேளுங்கள்!”

நான் பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் பேசுவது மேடைப் பண்பு. ஆனால் எல்லாத் தலைகளும் ஒருசேரத் திரும்பின. காத்தவராயன் ஒலிபெருக்கிப் பெட்டியருகே நின்றிருந்தார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் எழுந்து அவர் காலடியில் வெற்றுக்குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மேடையிலிருந்து பார்க்க மிகச் சிறந்த காட்சி.

வைகாசி 6, செவ்வாய்

காத்தவராயன் தற்காலிகப் பணிநீக்கம். விசாரணை மூன்று வாரத்தில். என் அறிக்கையே முதற் சான்று.

ஆய்வகத்தில் கண்ணாடிக் குமிழி தீர்ந்துவிட்டது. வாங்கும் பிரிவு இன்னும் உறங்குகிறது.

வைகாசி 13, செவ்வாய்

காத்தவராயன் ஆலைக்கே வந்துவிட்டார். மூன்று பேருந்து மாறி வந்தாராம். வாயிற்காவலர் கூப்பிட்டுச் சொன்னபோது பணி இருப்பதாகச் சொல்லிக் காக்கவைத்தேன். பணி ஒன்றும் இல்லை. இரண்டு மணிநேரம் கழித்து அழைத்தேன். ஆய்வக வாசலிலேயே நின்றார்.

“சார், உங்க மீட்டர் மத்தியானம் கொறையக் காட்டுது. எங்க தொட்டி கொறையலைங்க. நோட்ட பாருங்க. காலைல ஒரு சாண் ஏற எவ்ளோ நேரமோ, மத்தியானமும் அவ்ளோ நேரந்தான்.”

“கயிறு சொல்வதை நான் நம்பவேண்டுமா?”

“கயித்துக்கு என்னைக் காட்டிக் குடுத்து என்ன ஆவப்போவுது, காப்பாத்தி என்ன ஆவப்போவுது? பாத்ததச் சொல்லுது.”

“திருடுகிறவன் கையால் எழுதிய நோட்டு இது. நீரே எழுதி நீரே சான்று ஆவீரோ?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “நீங்களும் உங்க மீட்டரு எழுதுனதத்தான சார் காட்டுறீங்க” என்றார். பிறகு, “எம்பொண்டாட்டி தண்ணி புடிக்கப் போனா வரிசைய விட்டு வெலகி நிக்கிறாளுங்க. தீட்டு மாதிரி. பதினோரு நாளா ரெண்டு கல்லு நடந்து கெணத்துத் தண்ணி கொண்டாறோம். இருவத்தாறு வருசம் அந்தத் தொட்டியப் பாத்தவன் நான்.” நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்றைய திருடர்களுக்கு நாடகம் நன்றாக வருகிறது.

கூட்டம் நடந்தது ஞாயிறு. இன்று ஒன்பதாம் நாள். பதினொன்று என்கிறார். எண்ணத் தெரியாதவரின் நோட்டு என்று ஆய்வகத்தில் எல்லார் காதிலும் விழவே சொன்னேன்.

வைகாசி 14, புதன்

பூங்காவனம் அம்மையார் நேற்று அந்த உரையாடலை உலைக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறார். இன்று காலை என் மேசைக்கு வந்தார். கையில் காத்தவராயனின் நோட்டு. கக்கத்தில் அனுப்புப் பதிவேடு.

“ஐயா, இந்த ஆளு தண்ணி திருடுறவன் மாதிரி தெரியல. நாலு வருசமா ஒரே பேனா, ஒரு அடித்தல் இல்ல. பதினோரு நாள்னு அவுரு சொன்னதும் சரிதான். உங்க மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஊருல பேச்சு கெளம்பிடுச்சாம். கேட்டுல நிக்கும்போது என்கிட்ட சொன்னாரு.”

“அதனால்?”

பதிவேட்டைத் திறந்து விரலை வைத்தார். “பதினேழு அ. இருவத்திரண்டு ஆ. இது யாரு கட்டி வெச்ச சோடி?”

பதிவேட்டை மூடப் போனேன். அவர் விரலை எடுக்கவில்லை.

“பதினேழோட சோடி எங்கய்யா?”

“கண்காட்சியில் சிறு விபத்து.”

“சூடு காட்டிப் பாத்தீங்களா இதுங்கள?”

“இருபத்தைந்து பாகையில் பிழையே இல்லை.”

“இருவத்தஞ்சுல எந்தச் சோடியும் சண்ட போடாது. ஏசி ரூம்புல நானும் எங்க வூட்டுக்காரரும்கூட சண்ட போட மாட்டோம். பதினேழு வார்த்தப்ப கண்ணாடித்தூளு பழைய மூட்ட. இருவத்திரண்டுக்குப் புது மூட்ட. வெயில்ல ஒண்ணு ஒரு மாதிரி இளகும், இன்னொண்ணு இன்னொரு மாதிரி.”

பட்டம் பெறாதவர்கள் எல்லாவற்றுக்கும் மூட்டையைக் காரணம் காட்டுவார்கள். அவரது கூற்றைப் பொய்ப்பிக்கவேனும் நெருஞ்சிப்பட்டிக்குச் சென்று சோதிப்பது என்று முடிவுசெய்தேன்.

வைகாசி 16, வெள்ளி

காலை ஏழு மணி. குழாய் நிறைய நீர் இருக்க, இரு பக்க வால்வுகளையும் மூடினோம். நீர் அசையவில்லை. மானி சுழியத்தைக் காட்டியது. அம்மையாரைப் பார்த்துப் புன்னகைத்தேன். “மத்தியானம் வரைக்கும் இருப்போம்யா” என்று புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். காத்தவராயனுக்கும் அவரே சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வந்தார், ஆனால் தொட்டி வேலிக்கு வெளியே நின்றார். பணிநீக்கத்தில் இருப்பவர் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாதாம்.

பன்னிரண்டரை மணி. மானியின் கூட்டில் கை வைக்க முடியவில்லை. மீண்டும் வால்வுகளை மூடினோம். அதே குழாய், அதே அசையாத நீர்.

திரையில் ஓர் எண் வந்தது. அதன் முன்னால் ஒரு கழித்தற்குறி இருந்தது.

“என்னய்யா காட்டுது?” என்றார் அம்மையார். அவருக்குத் தெரியும். என் வாயால் கேட்க வேண்டுமாம்.

அசையாது நின்ற நீர், ஏற்று நிலையத்தை நோக்கிப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பதாக என் மானி சொன்னது. ஓடும் நீரிலிருந்து நாள்தோறும் நண்பகலில் கழிந்தது அதே அளவுதான்.

வேலிக்கு வெளியே நின்றவர், “என்ன சார், ஆப்டுக்கிட்டானா திருடன்?” என்றார்.

கடும் வெயில். இவ்வூரில் மரம் நடாத ஊராட்சியை என்னவென்று சொல்வது.

வைகாசி 17, சனி

இன்று எழுத ஏதுமில்லை.

வைகாசி 19, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

“சத்தம் போடாம வேற சோடிய மாட்டிடலாம். என்கொயரி தானா பிசுபிசுத்துப் போயிடும். அந்தாளுக்கு என்ன, ரெண்டு மாசத்துல திரும்ப எடுத்துக்குவாங்க. கம்பெனி பேரு போச்சுன்னா யாரு குடுப்பா? உங்க பேரும் சேந்துதான போவும்?”

இழிவான மனிதர். நாற்காலிக்காக எதையும் விற்கக்கூடியவர். அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என் பெயரும் போகும் என்று அவர் சொன்னபோது நான் ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

மாலையில் ஒன்றிய அலுவலகத்திற்கு மடல் எழுதினேன். நான்கு பக்கம். எண்சீர் ஓசை நயத்தோடு அமைந்த மடல். “கோடை வெப்பநிலை வேறுபாட்டால் கருவிக்கண் நேர்ந்த ஒரு சிறு பிறழ்வு” என்று குறித்துள்ளேன். மேலாளரிடம் காட்டாமல் அஞ்சலில் சேர்த்தேன். இதற்குமேல் எவரும் என்னிடம் எதிர்பார்க்க இயலாது.

வைகாசி 27, செவ்வாய்

விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. என் மடலின் முதற் பத்தியை மட்டும் படித்தார்கள். பணிநீக்கம் கைவிடப்பட்டது. அலுவலர் வால்வுச் சாவிக் கொத்தை மேசையில் தள்ளி, “எடுத்துக்கப்பா, நாளைலேர்ந்து போ” என்றார்.

காத்தவராயன் எடுக்கவில்லை.

“என்னய்யா, எடுத்துக்க.”

“இவுரு மைக்குல சொன்னாருங்க. ஊருக்கு முன்னாடி. இப்ப லெட்டருல இல்லேங்குறாரு. லெட்டர இங்க நாலு பேரு பாத்தீங்க. மைக்க ஊரே கேட்டுச்சு.” என் பக்கம் திரும்பினார். “நான் சாவிய எடுத்துக்கிட்டுப் போனா, யாரையோ புடிச்சு வேலைய வாங்கிட்டான்னுதான் பேசுவாங்க. ஊருல வந்து சொல்லுங்க. அப்பறம் எடுத்துக்கறேன்.”

“கூட்டத்திற்கு ஏற்பாடு செய்யுங்கள், வருகிறேன்” என்றேன்.

“கூட்டத்துக்கு யாரு வருவாங்க இப்ப? எனக்காவ மேடை போடவா ஆளு இருக்கு? தண்ணி விடுற அன்னிக்கு காலைல கொழாயடிக்கு வாங்க. எல்லாரும் இருப்பாங்க.”

குழாயடியில்! மாநாடுகளில் பேசியவனை!

அலுவலர் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்துவிட்டார். அதுவரை அலுவலகத்திலுள்ள மாற்றுச் சாவியால் வால்வைத் திறந்துகொள்வார்களாம். எனக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

வைகாசி 31, சனி

காலை ஐந்தரைக்கே நெருஞ்சிப்பட்டி போய்ச் சேர்ந்தேன். மேலத்தெருக் குழாயடி. குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றுக்குரியவர்கள் அங்கங்கே நின்றார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, தலைமையுரை இல்லை. காத்தவராயன் தொலைவில் மின்கம்பத்தருகே நின்றிருந்தார்.

தொண்டையைச் செருமி, “பெரியோர்களே, தாய்மார்களே” என்று தொடங்கினேன். அந்நேரம் தண்ணீர் வந்தது. குடத்தில் நீர் விழும் ஓசை என் குரலை முற்றிலும் விழுங்கிவிட்டது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓர் இளம்பெண் மட்டும், “எலெக்சன் வருதா?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்.

வேறு வழியில்லை. வரிசையின் கடைசிக்குப் போனேன். ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். “காத்தவராயன் நீரைத் திருடவில்லை. மானி பிழையாகக் காட்டியது.” சிலர் தலையசைத்தார்கள். சிலர், “யாரு நீங்க?” என்றார்கள். ஒருவர், “அதான் எனக்கு அப்பவே தெரியுமே” என்றார். அவர் அன்று கைதட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இப்படியும் ஓர் ஊர். இருபத்தாறு பேரிடம் சொல்லி முடித்திருப்பேன்.

இருபத்தேழாமவர், அன்று குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போன அந்த அம்மையார். குழாய்க்கடியில் குடத்தைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மீட்டரு எப்பிடி சார் தப்பா காட்டும்? அதுக்கென்ன கண்ணா, மூக்கா? மாட்டுனவன் ஒழுங்கா மாட்டியிருந்தா?”

“வெப்பத்தின் காரணமாக...”

“எங்களுக்குந்தான் வெயிலு அடிக்குது. நான் கேக்குறது, யாரு தப்பு?”

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒலிபெருக்கிக்குக் கிடைக்காத அமைதி.

“என் தவறு” என்றேன். “ஒன்றைக் கீழே போட்டு உடைத்தேன். பொருந்தாத ஒன்றை வைத்து அனுப்பினேன். சோதிக்கவில்லை. பிறகு மேடையில் நின்று இவரைத் திருடன் என்றேன்.”

அந்த அம்மையார் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். “அந்த மனுசன் சம்சாரத்த வரிசையில நிக்க விடாம வெரட்டுனேன் நானு” என்றார். என்னிடம் சொன்னாரா தமக்குத்தாமே சொன்னாரா தெரியவில்லை. “தள்ளி நில்லுங்க. அடுத்த கொடம் வெக்கணும்.”

தள்ளி நின்றேன்.

காத்தவராயன் மின்கம்பத்தை விட்டு மெல்ல வந்தார். கையை நீட்டினார். சாவிக் கொத்தைக் கொடுத்தேன். நன்றியோ, மன்னிப்போ, ஒரு வசவோ வரும் என்று காத்திருந்தேன். எதற்கும் மறுமொழி ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எட்டு மணிக்குக் கீழத்தெருவுக்குத் தொறந்துவிடுவேன்” என்றார். “அங்க அறுவது வீடு. இதே மாதிரி சொல்லிடுங்க. மொதல்லயே உங்க தப்புன்னு ஆரம்பிச்சிடுங்க சார், சீக்கிரம் முடியும்.”